சித்தப்பாவிடம் எப்படி ஃபீஸ் கேட்பது?

கேள்வி: காட்பாடியில் ஒரு வீட்டு மாடியில் சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறேன். நான், ஒரு பார்ட்னர், மூன்று ஜூனியர்கள். சொந்தக்காரர், தெருக்காரர், கோயில் கமிட்டி என்று யார் வந்தாலும் இனாமாகவே பிளான் கேட்கிறார்கள். "இப்ப எல்லாம் ஆன்லைன்லயே அப்ரூவல் ஆயிடுது, ஒரு கோடு போட்டுக் குடுக்க இன்னாத்துக்குத் துட்டு?" என்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜூனியர்கள் உட்கார்ந்து செய்வது இந்த வேலைதான். ஒருத்தர் பெங்களூர் போகிறேன் என்று சொல்லிவிட்டார். 'டைல்ஸ் கடையில் கமிஷன் வாங்கி ஈடுகட்டலாம்' என்கிறார் பார்ட்னர். இப்போது குடியாத்தத்தில் சித்தப்பா வீடு கட்டப் போகிறார். அவரிடம் எப்படி ஃபீஸ் கேட்பது?

பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: கேளுங்கள் அம்மா. நான் கேட்காமல் விட்ட கதையை முதலில் சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன் ஆற்காடு பக்கம் வீடு கட்டினார். அண்ணனிடம் காசா? பிளானை இனாமாகப் போட்டுக் கொடுத்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 10 அடி. ஆறு ஆறு அங்குலமாக 20 படி. வேலை நடக்கும்போது யாரோ வந்து, படி ஒற்றைப்படையில்தான் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார். சரி, 21 ஆக்கலாம், தப்பே இல்லை. 120 அங்குலத்தை 21 ஆக வகுத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு நூல் சொச்சம், அதாவது கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, குறைத்தால் முடிந்தது. ஆனால் மேஸ்திரி அதற்குள் ஆறு அங்குலத்துக்குப் பலகை அடித்துவிட்டார். 19 படியை அப்படியே விட்டு, மேலே மிச்சமிருந்த ஆறு அங்குலத்தை மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு படி ஆக்கிவிட்டார். கால் கண்ணைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது? முதல் நாலு படியில் பழகிய உயரத்தையே கடைசி வரைக்கும் தேடும். கிரகப்பிரவேசத்தன்று அண்ணி காபி டம்ளர் தட்டோடு ஏறினார். 20-வது படியில் தட்டு ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். நல்ல வேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. பந்தலில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "தம்பி போட்ட பிளானாம்."

படிக்கட்டுக்குப் பலகை அடித்த அன்று நான் எங்கே இருந்தேன்? வாலாஜாவில், ஃபீஸ் கொடுத்தவர் சைட்டில். அதுதான் விஷயம். இனாம் வேலையில் நாம் கொடுப்பது பேப்பர் மட்டும். போய் நின்று பார்ப்பது தானாக விட்டுப்போகிறது. வீட்டுக்காரருக்கு உண்மையில் தேவை அந்தப் பார்வைதான், பேப்பர் இல்லை. கணக்குப் பார்த்தால் அண்ணனுக்கு நான் செய்தது உபகாரமே இல்லை.

ஆன்லைன் பேச்சுக்கு வருகிறேன். 2024-இல் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட அனுமதி சுலபமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் சுயசான்று என்றால் 'விதிப்படிதான் கட்டுகிறேன்' என்று வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது. பக்கத்தில் விட வேண்டிய இடத்தில் ஓரடி குறைந்தால் மாட்டுவது அவர். இதை நிதானமாக விளக்கிச் சொன்னால் பாதிப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

கமிஷன் வேண்டவே வேண்டாம். ஆர்க்கிடெக்ட்டுகளுக்கான 1989-ஆம் வருட தொழில் நடத்தை விதிமுறைகளிலேயே அதற்கு இடமில்லை. விதியை விடுங்கள். கடைக்காரர் கவரில் வைப்பது சித்தப்பாவின் பணம், டைல்ஸ் விலையில் ஏற்றி எடுத்தது. நேரே கேட்கக் கூச்சப்பட்டுச் சுற்றுவழியில் வாங்குகிறோம், அவ்வளவே. பார்ட்னர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அதற்காகச் சனிக்கிழமைக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வாயால் சொல்வது இனாம், வரைவதற்குக் காசு என்று கோடு கிழியுங்கள். வாயால் சொல்லவே நம் ஊரில் எவ்வளவோ இருக்கிறது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அந்த மொட்டைப் பாறை பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மேற்குப் பக்கம் படுக்கையறை வைத்துவிட்டு ஏசியைத் திட்டுகிறார்கள். அந்தப் பக்கம் படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூம் என்று தள்ளிவிடச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டை ஓடு பதிப்பதை 'பழைய கால வேலை' என்று வெட்டிவிடுகிறார்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் மத்தியானம் பாய் விரித்துப் படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், அதையும் ஞாபகப்படுத்துங்கள். அரை மணி நேரம், ஒரு டீ. கோயில் கமிட்டிக்கும் இது போதும்.

பெங்களூர் போகிறவரைத் தடுக்காதீர்கள், போகட்டும். மிச்சம் இரண்டு பேரிடம் ஆபீஸ் வரவு செலவைத் திறந்து காட்டுங்கள். அவர்களைச் சைட்டுக்கு அனுப்புங்கள், பெட்ரோல் காசு கொடுத்து. தளம் போடும் அன்று சென்ட்ரிங் ஆட்களோடு உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரித்தவனுக்குத்தான், மறுவாரம் ஃபோனில் கூப்பிட்டு "சார், இங்க கம்பி இடிக்குது" என்று மேஸ்திரி சொல்வார்.

இனி சித்தப்பா. ஃபோனில் பேசாதீர்கள். குடியாத்தத்துக்கு நேரில் போய், சித்தியும் கூட இருக்கும்போது பேசுங்கள். தொகையை ஒரே மூச்சில் கேட்காமல் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுங்கள். குறைக்கச் சொன்னால் தொகையில் கொஞ்சம் குறையுங்கள், சைட்டுக்குப் போகும் நாட்களில் குறைக்காதீர்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட மார்க்கிங் செய்யும் நாள், நிலை வைக்கும் நாள், படிக்கட்டுக்குப் பலகை அடிக்கும் நாள், கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள். இந்த நாலையும் தாளிலேயே எழுதிவிடுங்கள். "இதுக்குத்தான் சித்தப்பா காசு, கோடு போடறதுக்கு இல்ல" என்று சொல்லுங்கள்.

பெண் பிள்ளை காசு வாங்கிவிட்டதே என்று மனசு உறுத்தினால் கிரகப்பிரவேசத்தன்று மொய் எழுதுங்கள். தாராளமாக எழுதுங்கள், நோட்டில் உங்கள் ஆபீஸ் பெயரோடு.