சுவரில் மாட்டும் ஸ்பீக்கர்: பெட்டி, கிராஸ்ஓவர் – கேள்வி பதில்

கீழ் ஸ்தாயிக்கு ஐந்து இன்ச் ஊஃபர், மேல் ஸ்தாயிக்கு ஒரு இன்ச் டோம் ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர், சுவரோடு ஒட்டி மாட்டும் சீல்டு (துளையில்லாத) பெட்டி. இதைப் பற்றி மட்டும் கேளுங்கள். கேபிள் சண்டை வேண்டாம்.

சேலம்: பெட்டி 25 செ.மீ. ஆழம் போதுமா சார்?

போதும் என்பதல்ல, அதிகம். ஊஃபரின் ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் வளைந்து, சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வரும் ஒலியோடு சேர்கிறது. கூடுதலாகப் போய்வந்த தூரம் அரை அலைநீளம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். 25 செ.மீ. ஆழத்தில் அது சுமார் 340 ஹெர்ட்ஸில் விழும். பாடகர் குரலில் சதையே இருக்காது. 12 செ.மீ. என்றால் 700 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். முகப்பை 30 செ.மீ. அகலமாக வைத்தால் அந்த ஸ்தாயியில் ஒலி பெரும்பாலும் முன்பக்கமே போகும், குழி ஆழமாக விழாது. 30 அகலம், 45 உயரம், 12 ஆழம், 18 மி.மீ. பிளை: உள்ளே சுமார் 9 லிட்டர் கிடைக்கும். மேக்னெட் பின்பலகையில் இடிக்காதா என்று வெட்டும் முன் அளந்துகொள்ளுங்கள். பின்பக்கம் போர்ட் (காற்றுத் துளை) வேண்டவே வேண்டாம்.

கரூர்: ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு 8 ஓம் என்று போட்டிருக்கிறதே, வாங்கலாமா?

வேண்டாம். 8 ஓம் என்பது பெயருக்குத்தான். அதே ஊஃபர் 2500 ஹெர்ட்ஸில் 10, 12 ஓம் கூட காட்டும். போர்டு செய்தவருக்கு உங்கள் ஊஃபரும் தெரியாது, பெட்டியும் தெரியாது. 2500 ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரிக்கும் இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி வகை கிராஸ்ஓவருக்குக் கணக்குப்படி 1 மில்லிஹென்றி காயிலும் 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரும். அது ஆரம்பப் புள்ளிதான். மைக் வைத்து அளந்துதான் முடிக்க வேண்டும்.

கோவை: இணையத்தில் ஒரு நல்ல சர்க்யூட் எடுத்தேன், கீழ் ஸ்தாயி இழப்பை ஈடுகட்டும் பேஃபிள் ஸ்டெப் திருத்தமும் இருக்கிறது. அப்படியே போடவா?

அது ஸ்டாண்டில் நிற்கும் பெட்டிக்கானது. அங்கே கீழ் ஸ்தாயி பின்னால் கசிந்து 6 டெசிபல் வரை குறையும், அதனால் மேல் பகுதியை அமுக்குகிறார்கள். உங்கள் பெட்டிக்குப் பின்னால் சுவரே இருக்கிறது. அமுக்கினால் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும்.

ஈரோடு: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்?

நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாதது) மட்டும்.

கோவை (மறுபடி): திருத்தம் இல்லாமல் வைத்துப் பார்த்தேன் சார், சத்தம் மெலிசாகத்தான் இருந்தது. உங்கள் கணக்கு ஏட்டுச் சுரைக்காய்.

எங்கே வைத்தீர்கள்? சுவருக்கு எவ்வளவு தூரம்?

கோவை: ஷெல்ஃபில். 20 செ.மீ. முன்னால்.

அப்படிச் சொல்லுங்கள்! அது சுவர் ஸ்பீக்கர் இல்லை, ஷெல்ஃப் ஸ்பீக்கர்.

திருச்சி: கோவைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுவரில் ஒட்டினாலும் கொஞ்சம் திருத்தம் வேண்டும்.

கொஞ்சம் வேண்டியிருக்கலாம், ஒன்றிரண்டு டெசிபல். ஆழமான பெட்டிக்கு இன்னும் கொஞ்சம். நான் மறுப்பது முழு 6 டெசிபலை. வாதாடுவதை விடச் செய்து பார்ப்பது சுலபம். திருத்தத்துக்கென்று தனிக் காயிலும் அதற்கு இணையாக ரெசிஸ்டரும் இருந்தால், காயிலின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து ஒரே பாட்டை ஒயரோடும் ஒயர் இல்லாமலும் கேளுங்கள். மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று வீங்கி, வலந்தலை மங்குவது எதில் என்று இருவரும் எழுதுங்கள்.

நாமக்கல்: ட்வீட்டரைத் தலைகீழாக (பிளஸ், மைனஸ் மாற்றி) இணைக்க வேண்டுமா?

இரண்டாம் படியில் வழக்கமாக ஆம். இரண்டு விதமாகவும் அளந்து பாருங்கள். ஊஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் ஸ்தாயியில் ஆழமான குழி விழும் இணைப்பு தப்பு, மற்றது சரி.

தஞ்சை: ரெடிமேட் போர்டில் நல்லது எது சார்?

கரூருக்குச் சொன்னதே.

வேலூர்: எனக்கு 4 ஓம் போர்டு கிடைத்தது, அதை...

வேண்டாம் என்றேனே!

கோவை: ஒயர் வைத்துப் பார்த்தேன். ஷெல்ஃபில் திருத்தம் இருந்தால்தான் நன்றாக இருக்கிறது.

ஷெல்ஃபில்! சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள் ஐயா. ஆணி பூச்சில் நிற்காது, செங்கல் வரை போகும் ஆங்கர் போல்ட் போடுங்கள்.