படம் சேர்த்தது போதும், டேப்பை எடு

கேள்வி: நான் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் சேலம், அம்மாப்பேட்டை. இந்த செமஸ்டரில் ஏற்காட்டில் 20 அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை வடிவமைக்க வேண்டும். பின்ட்ரஸ்டில் ஆயிரக்கணக்கில் படம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் தாளை விரித்து உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. போன ரிவ்யூவில் நான் வரைந்த மூங்கில் விடுதியைப் பார்த்துவிட்டு, "பாலியில் இருக்க வேண்டியது ஏற்காட்டுக்கு எதற்கு வந்தது?" என்று சார் கேட்டுவிட்டார். கூடப் படிக்கிறவர்கள் பேர்போன கட்டடங்களைப் பார்க்க சண்டிகர், அகமதாபாத் என்று போய் வருகிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது தாத்தாவின் குழித்தறி ஒன்றுதான். பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் இருந்துகொண்டு நான் எங்கிருந்து ஐடியா எடுப்பது, மேடம்?
- மாணவி, சேலம்

பதில்: அன்பு மகளுக்கு,

உன் சார் கேட்டது நல்ல கேள்வி. மனசு நொந்திருப்பாய், தெரிகிறது. மூங்கிலில் தப்பே இல்லை. ஆனால் அதைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் பதப்படுத்தாமல் வைத்தால் பூச்சி அரித்துவிடும். ஏற்காட்டில் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், அதற்குக் கூரை எத்தனை அடி வெளியே நீள வேண்டும், மூட்டம் இறங்கும் நாட்களில் துணி எங்கே காயும்? இதற்கெல்லாம் நீ சேர்த்த படங்களில் பதில் கிடையாது. வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், பார்க்க அழகான ஒரு மூலையிலிருந்து எடுத்த படங்கள் அவை. அந்த மூலை மட்டும்தான் உனக்குத் தெரியும், மிச்சக் கட்டடம் தெரியாது. கை எப்படி ஓடும்?

போகிற போக்கில் ஒரு குழித்தறி என்று எழுதியிருக்கிறாயே, அதை விட்டு என்னால் நகர முடியவில்லை. நாளைக் காலையில் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார். தாத்தா தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் குழிக்குள் மிதிகட்டையில் இருக்கும். அப்படி உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அளந்து குறித்துக்கொள். வெளிச்சம் அவருக்கு எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஜன்னலின் அடி எத்தனை அங்குலத்தில் தொடங்குகிறது, நிழல் நூல்மேல் விழுகிறதா என்று பார். காலேஜில் நீங்கள் எல்லோரும் ஜன்னல் அடியை மூன்றடி என்று யோசிக்காமலே போடுகிறீர்கள். அது நிற்கிறவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் சரி. தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு? குழியிலிருந்து வரும் மண் ஈரம் நூல் அறுந்துபோகாமல் காக்கிறது. தறிமேல் ஜக்கார்டு பெட்டி, அதாவது பூ வேலைப்பாடு நெய்ய மேலே பொருத்தும் கருவி, இருந்தால், மோட்டு உயரத்தைத் தீர்மானித்ததே அதுவாக இருக்கும். அந்த அறையின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றுக்கும் தாத்தாவிடம் காரணம் இருக்கும், கேட்டுப் பார்.

அப்புறம் வெளியே வா. நெசவுத் தெருக்களில் பாவு, அதாவது தறிக்கு நீளவாக்கில் போகும் நூல், நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க நீளமான வெளி வேண்டும். பாவடி என்று உங்கள் ஊரில் சொல்கிற இடம் அதற்காக விட்டதுதான். அதையும் எட்டு வைத்து அளந்துவிடு.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, விடுதியின் முகப்பில் நூல் நூலாகக் கம்பி கட்டி, 'தறியிலிருந்து வந்த கான்செப்ட்' என்று மட்டும் எழுதிவிடாதே. பின்ட்ரஸ்டுக்குப் பதில் தறியிலிருந்து காப்பியடித்தது போலத்தான் ஆகும். உருவத்தை எடுக்காதே, காரணத்தை எடு. பிரான்ஸில் ரோன்ஷாம் என்ற இடத்தில் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே கட்டிய தேவாலயம் 1955இல் முடிந்தது. கடற்கரையில் கண்டெடுத்த ஒரு நண்டு ஓடு தன் வரைபலகைமேல் கிடந்ததாகவும், அதிலிருந்துதான் அந்தக் கூரை வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கூரைக்குள் இரண்டு மெல்லிய கான்கிரீட் தகடுகள், நடுவே வெற்றிடம். இவ்வளவு மெலிந்த ஓடு எப்படி உறுதியாக இருக்கிறது என்பதைத்தான் அவர் நண்டிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

சரி, மலைக்கு வருவோம். காரில் போகாதே, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போ. 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்து முட்புதர் எங்கே முடிகிறது, மூங்கில் எங்கே வருகிறது, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் எந்த வளைவில் தொடங்குகிறது, எங்கே சால்வையைப் போர்த்தத் தோன்றுகிறது என்று வளைவு எண்ணைப் போட்டு எழுதிக்கொண்டே வா. 300 மீட்டருக்கும் கீழே இருக்கும் சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு ஏறுகிறாய். அந்த முழு ஏற்றத்தையும், மலையை நெட்டாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பது போல, ஒரே நீளத் தாளில் செக்‌ஷனாக வரைந்தால், உன் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத படம் உன்னிடம் இருக்கும்.

மேலே போய் படகுத்துறையும் வியூ பாயின்ட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. ஒரு காப்பித் தோட்டத்தில் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பிங் கொட்டகையைப் பார். பழம் மேல்மட்டத்துத் தொட்டியில் விழும். அங்கிருந்து தண்ணீரோடு இறங்கி மிஷினுக்கு, தோல் உரிந்த கொட்டை அடுத்த மட்டத்தில் ஊறல் தொட்டிக்கு, கழுவியதும் அதற்கும் கீழே வெயில் விழும் களத்துக்கு. சரிவே பாதி வேலையைச் செய்கிறது. நீ உன் விடுதிக்கு என்ன செய்தாய்? மலையை வெட்டிச் சமதளமாக்கிவிட்டு மேலே கட்டினாய் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கொட்டகையை அளந்து வரைந்தபின் அப்படி வெட்ட உனக்கு மனம் வராது.

இன்னொரு நாள் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது, உங்கள் ஜில்லாதான். கல் சங்கிலியை எல்லோரும் பார்ப்பார்கள். நீ வாலி தூணுக்குப் போ. ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் சண்டையிடும் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரிய மாட்டான். இரண்டு தூண்களுக்கும் நடுவே பார்வைக் கோடு எதில் தடுக்கிறது என்று தரையில் நின்று கண்டுபிடி. விடுதியில் ஒரு அறையின் திண்ணை அடுத்த அறைக்குத் தெரியக்கூடாது, பள்ளத்தாக்கு மட்டும் இருவருக்கும் தெரிய வேண்டும். உன் பிரச்சினையும் இதுதானே?

படமே பார்க்காதே என்று சொல்லவில்லை. ஆயிரம் வேண்டாம், ஒன்றை எடு. இலங்கையில் தம்புள்ளை அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலாமா ஹோட்டல், 1994இல் திறந்தது, உனக்கு ஒத்துவரும். பாறையை உடைக்காமல் ஒட்டிக் கட்டி, வெளிமுகத்தைக் கொடிக்கு விட்டுக்கொடுத்த கட்டடம். அதன் பிளானையும் செக்‌ஷனையும் தேடி எடுத்து, உன் கையாலேயே அளவு மாறாமல் திரும்ப வரை. இரண்டு நாள் பிடிக்கும், பரவாயில்லை.

காப்பிப் பறிப்பு டிசம்பரை ஒட்டி நடக்கும். அப்போது போனால் கொட்டகையும் களமும் வேலையில் இருக்கும். தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் எஸ்டேட் ரைட்டரிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள், துணைக்கு ஒரு தோழியைக் கூட்டிக்கொள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.