வயிறும் அடங்கணும், உடம்பும் ஏறணும்: குமரி வாசகர்களின் கேள்வி-பதில்

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிற குடல் எரிச்சல் நோய்க்காரர்களில் (எல்லோரும் ஐபிஎஸ் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்) மெலிந்துகொண்டே போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம். வயிற்றுக்குப் பயந்து ஒவ்வொன்றாக நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் நிறுத்தியதற்குப் பதிலாக எதையும் தட்டில் வைப்பதில்லை. இந்தத் தடவை அவர்களுடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 26, உயரம் 174 செ.மீ. நான்கு வருடத்துக்கு முன் 58 கிலோ இருந்தேன், இப்போது 51. ஐபிஎஸ் என்று சொல்லிவிட்டார்கள். பால், கோதுமை, தேங்காய், பயறு, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். கஞ்சியும் துவையலும்தான். எடை கூட என்ன சாப்பிடலாம்? (தக்கலை)

தம்பி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விஷயம். ஐபிஎஸ் வலிக்கும், ஊதும், நாலு தடவை ஓட வைக்கும், ஆனால் அது குடலைப் புண்ணாக்குகிற நோய் இல்லை, அதனால் தானாக எடையைக் குறைப்பதும் இல்லை. நீங்கள் சாப்பிடாததால் 7 கிலோ போயிருக்கலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஆனாலும் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், கோதுமையில் உள்ள குளூட்டன் என்கிற புரதத்தால் குடல் பாதிக்கப்படுகிற சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குடல் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் கால்புரோடெக்டின் என்கிற மலப் பரிசோதனை, இவையெல்லாம் பார்த்தாயிற்றா என்று குடல் மருத்துவரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். இன்னொன்று, மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து, வலி முதுகுக்கும் போகிறது என்றால் கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட கணைய அழற்சி கேரளத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய், எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாமும் அதை மறந்துவிடக்கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால், முட்டையையும் மீனையும் இன்றைக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை தருவது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிற சில வகை மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். ஃபோட்மேப் என்று ஒரு சொல் கேள்விப்பட்டிருப்பீர்கள், மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் அது. உள்ளி (வெங்காயம்), பூண்டு, கோதுமை, பால், பயறு வகை எல்லாம் அதில் வரும். முட்டை, மீன், கோழி, அரிசி, நெய் இவற்றில் அது கிடையாது அல்லது பெயருக்குத்தான் இருக்கும். நீங்கள் விலக்கியதில் பாதி, குற்றமே செய்யாதவை!

எடை ஏற, இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி வேண்டும். இது பெரிய மலை இல்லை. மதியமும் ராத்திரியும் சோற்றில் இரண்டிரண்டு டீஸ்பூன் நெய் என்றால் 180 வரை வரும், இரண்டு முட்டை 150, ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) 170. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் வாரம் முட்டை, அடுத்த வாரம் நெய், அப்புறம் கடலை. முழு ஃபோட்மேப் விலக்கு உணவை, அதுவும் இணையத்தில் பார்த்த பட்டியலை வைத்து, நீங்கள் செய்யவே கூடாது. உங்கள் உயரத்துக்கு 51 கிலோ ரொம்பக் குறைவு, இன்னும் விலக்க உங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மரச்சீனிக்கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும் சாப்பிட்டால் உடனே கழிவறைக்கு ஓடுகிறாள். கிழங்கு கேஸ் என்கிறார்கள். நிறுத்திவிடவா? (குளச்சல்)

வேண்டாம், கிழங்கை அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கிற நம் வழக்கமே சரியானது. 100 கிராம் கிழங்கில் 160 கலோரி இருக்கிறது, மெலிந்த பிள்ளைக்கு நல்லதுதான். புரதம் மட்டும் ஒன்றரை கிராம்கூடத் தேறாது, அதனால் மீன் இல்லாமல் வெறும் கிழங்கைக் கொடுக்காதீர்கள்.

எனக்குச் சந்தேகம் குழம்பில்தான். உங்கள் அரைப்பில் எத்தனை சின்ன உள்ளி போகிறது, பூண்டு எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். அது ஒன்று. இன்னொன்று, தேங்காய் நிறைய சேர்ந்த குழம்பும் வயிறு நிறைய கிழங்கும் ஒரே வேளையில் போனால் பெருங்குடல் சட்டென்று சுருங்கும். சாப்பிட்டவுடன் ஓட்டம் என்பது அந்தச் சாப்பாடே செரிக்காமல் வெளியே வருவது இல்லை, முன்பே உள்ளே இருந்ததைக் குடல் தள்ளுகிறது. இதை மகளிடம் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும்.

சோதனை இப்படிச் செய்யலாம். ஒரு வாரம் அதே சாளைக் குழம்பை உள்ளியும் பூண்டும் இல்லாமல் வையுங்கள். ருசிக்கு, பூண்டுப் பற்களைத் தேங்காய் எண்ணெயில் முழுதாக வதக்கி எடுத்து வெளியே போட்டுவிட்டு அந்த எண்ணெயிலேயே தாளியுங்கள். தொல்லை தரும் சத்து தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் இறங்கும். தேங்காயை அப்படியே விடுங்கள். வயிறு அடங்கினால் உள்ளிதான் காரணம். அடங்கவில்லை என்றால் உள்ளியைத் திரும்பச் சேர்த்துவிட்டுத் தேங்காயைப் பாதியாக்கி, ஒரே தட்டாக வைக்காமல் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. அப்புறம், பரீட்சை நாட்களில் இந்தச் சோதனை வேண்டாம், பதற்றமே வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: ஜிம்மில் வெயிட் கெய்னர் பவுடர் குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா? (மார்த்தாண்டம்)

என் அபிப்பிராயம், வேண்டாம். பலவற்றில் பால்பொடி, இன்யுலின் என்கிற நார்ச்சத்து, இனிப்புக்காகச் சேர்க்கும் பொருட்கள் என்று உங்கள் வயிற்றுக்கு ஆகாதவை வரிசையாக இருக்கும். புரதப் பொடி கட்டாயம் வேண்டும் என்றால் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைந்த வே ஐசொலேட் என்கிற பால் புரதப் பொடியை அரை அளவில் ஆரம்பியுங்கள். ஜிம்முக்குப் போவதை விடாதீர்கள், ஏறுகிற எடை தசையாக ஏற அது வேண்டும்.

கேள்வி: கஞ்சியும் பயறும், வாழைப்பழம், சக்கைப்பழம் (பலாப்பழம்), எல்லாமே எனக்கு ஊதுகிறது. இவை இல்லாமல் நம் ஊரில் எப்படி உடம்பு ஏற்றுவது? (குலசேகரம்)

பயறை ராத்திரி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், வெந்த தண்ணீரையும் வடியுங்கள், கால் கப்போடு நிறுத்துங்கள். பலருக்கு இந்த அளவு ஒத்துக்கொள்கிறது. வாழைப்பழத்தில் பழுத்துக் கறுத்ததை ஒதுக்கிவிட்டு, சற்று விறைப்பாக இருக்கும்போதே ஒன்று சாப்பிடுங்கள், கனியக் கனிய அதில் ஃப்ரக்டான் என்கிற ஃபோட்மேப் சத்து கூடுகிறது. ஏத்தன் (நேந்திரம்பழம்) என்றால் வேகவைத்துப் பாதி. சக்கைப்பழத்தை இரண்டு சுளையில் நிறுத்த முடியுமானால் சாப்பிடுங்கள், சீசன் சமயத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். மலச்சிக்கலும் இருந்தால் கோதுமைத் தவிடு வேண்டாம், ஊதல் கூடும். இசப்கோல் ஒரு டீஸ்பூன், நிறைய தண்ணீரோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வருகிறேன். வழியில் வயிறு கலக்குமோ என்று பயந்து காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை, வெறும் காப்பிதான். ராத்திரி வந்து வயிறு நிறைய சாப்பிடுகிறேன். எடை 45ஐத் தாண்டவே இல்லை.

இந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் வெறும் வயிற்றில் காப்பி குடலைக் கிளப்பிவிடும், ராத்திரி மொத்தமாகத் தின்பது ஊதலைக் கொண்டுவரும், இரண்டுமே நீங்கள் பயப்படுவதைத்தான் வரவழைக்கின்றன. முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள். எழுந்ததும் வெந்நீர், இரண்டு இடியாப்பமோ அரைக் குழாய்ப் புட்டோ ஒரு முட்டையோடு. சாப்பிட்டதும் குடல் சுருங்கும் என்று மேலே சொன்னேனே, அதை வீட்டிலேயே நடக்க விட்டுவிட்டுக் கிளம்பலாம். காப்பியை அலுவலகத்தில் குடியுங்கள். பையில் வேர்க்கடலை, வேகவைத்த உருளைக்கிழங்கு, தயிர்ச்சோறு வையுங்கள், தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு. முதலில் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே இந்த நேரக்கணக்கில் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் ரயில் ஏறலாம். எடையை வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, காலையில் கழிவறை போய் வந்த பிறகு மட்டும் பாருங்கள். மாதம் ஒரு கிலோ ஏறினால் போதும், ஆறு வாரமாகியும் முள் நகரவில்லை என்றால் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வயிறு கலங்கியது என்று எழுதிய குறிப்போடு வாருங்கள்.