வசனம் கேட்கவில்லை என்றால் யாரைத் திட்டுவது?

சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாகப் படங்களுக்கு ஒலி வடிவமைத்து வருகிறேன். மூன்று சிறிய படங்களுக்குப் பின்னணி இசையும் என்னுடையதுதான். கேள்வி கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில். பாட வாய்ப்பு வாங்கித் தரச் சொன்னவர்கள் மன்னிக்கவும். எனக்கே யாராவது வாய்ப்பு வாங்கித் தந்தால் தேவலை.

அக்கா, இசையமைப்பாளர் இருக்கும்போது ஒலி வடிவமைப்பாளர் எதற்கு? (திருச்சி வாசகர்)

வசனமும் இசையும் போக மிச்சம் கேட்பதெல்லாம் எங்கள் கணக்கு என்பார்கள். அது பாதிதான் உண்மை. எது கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்று முடிவு செய்வதே வேலை.

அண்மையில் ஒரு காட்சி. அம்மா தோசை வார்க்கிறாள். வேலை போய்விட்டது என்கிறான் மகன். இயக்குநர் வயலின் கேட்டார். நான் தோசைக்கல்லோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். மாவு கல்லில் விழுந்ததும் வரும் ஈரமான சீறல், கொஞ்ச நேரத்தில் உலர்ந்த பொரிதலாக மாறும். மகன் பேசி முடிக்கும் இடத்தில் சரியாக அந்த மாற்றத்தை வைத்தோம். தோசை கருகுகிறது, அவள் திருப்பவில்லை. வயலின்காரருக்கு அன்று வேலை இல்லாமல் போயிற்று.

இரண்டும் தனித்தனித் தொழில் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், 2022இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தைப் பாருங்கள். பின்னணி இசைக்கு ஏ.ஆர்.ரஹ்மானுக்கும், ஒலி வடிவமைப்புக்கு ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்கும் தனித்தனியே தேசிய விருது.

எந்த மென்பொருள் வாங்கலாம்? (ஈரோடு)

உங்கள் கணினி தாங்குவதை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவது என்ற கணக்கு, பாட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் பழகியிருப்பீர்கள், படத்துக்கு 48.

இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய முடியுமா? எனக்கு இரண்டிலும் ஆசை. (நாகர்கோவில் மாணவி)

முடியும். ஆனால் நீங்கள் போட்ட இசையை நீங்களே வெட்டி எறியும் மனம் வேண்டும்.

ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தைத் தேடிப் பாருங்கள். அதில் பின்னணி இசையே கிடையாது. பெர்லினில் ஆஸ்கர் சாலா என்பவர் டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவை ஒலிகள்தான் பயமுறுத்துகின்றன. ஆனால் ஒலி ஆலோசகர் என்று டைட்டிலில் வரும் பெயர் பெர்னார்ட் ஹெர்மன். ஹிட்ச்காக்கின் முந்தைய படமான ‘சைக்கோ’வுக்கு வயலின்களால் கத்தி வீசிய அதே இசையமைப்பாளர்! மூன்றே ஆண்டு இடைவெளியில், இசை வேண்டாத படத்துக்கும் அவர் காது தேவைப்பட்டிருக்கிறது.

எதிர்த் திசையில் போனவர் ஐஸ்லாந்தின் இசையமைப்பாளர் ஹில்டர் குட்னடோட்டிர். 2019இல் வந்த ‘செர்னோபில்’ தொடருக்காக லித்துவேனியாவில் மூடப்பட்ட அணுமின் நிலையம் ஒன்றுக்கே போய், அங்கிருந்த கதவுகளையும் இயந்திரங்களையும் அறைகளின் எதிரொலியையும் பதிவு செய்தார். அவற்றோடு தன் குரலையும் சேர்த்ததுதான் பெரும்பாலும் அந்த இசை. கேட்டால் எது இசை, எது கட்டடம் என்று பிரிக்க வராது.

இந்த ஊரில் இரண்டையும் செய்ய நினைத்தால் சொற்களில் தடுக்கி விழுவீர்கள். கோடம்பாக்கத்தில் ரீரெக்கார்டிங் என்றால் பின்னணி இசை அமைப்பது. ஹாலிவுட்டில் அதே சொல்லுக்கு வசனம், இசை, ஒலி எல்லாவற்றையும் கடைசியில் கலக்குவது என்று பொருள். வெளிநாட்டு மின்னஞ்சல் ஒன்றுக்கு நான் உற்சாகமாக “ஆம், செய்வேன்” என்று எழுதிவிட்டு, பிறகு பட்ட பாடு எனக்கும் என் தலைவலி மாத்திரைக்கும் தெரியும்.

முதல் படம் கிடைத்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்? (தூத்துக்குடி)

படத்தொகுப்பு முடிந்துவிட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் நுணுக்கமான வேலையில் கை வைக்காதீர்கள். வினாடிக்கு 24 ஃபிரேம். தொடக்கத்தில் 12 ஃபிரேமை வெட்டினால், அந்த ரீல் முழுக்க நீங்கள் வைத்த ஒவ்வொரு காலடியும் அரை வினாடி தள்ளிப்போகும். செத்தவன் எழுந்து நடந்த பிறகு துப்பாக்கி வெடிக்கும்.

ராயல்டி வருமா? (கோவை)

இசையமைப்பாளருக்கு வரும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் சமபங்கு ராயல்டி உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாக ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள்.

ஒலி வடிவமைப்பாளருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பேசிய சம்பளம்தான். அதிலும் கடைசித் தவணை படம் வெளியாவதற்கு முன் கைக்கு வர வேண்டும். என் மூன்று படங்களின் ராயல்டியில் ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு நல்ல சாப்பாடு சாப்பிடலாம். பாயசம் கணக்கில் வராது.

அக்கா, நல்ல மென்பொருள் ஒன்று சொல்லுங்களேன். (வேலூர்)

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதேதான்.

எங்கே படிக்கலாம்? (தஞ்சாவூர்)

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி, புனே திரைப்படக் கல்லூரி, கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம்.

தியேட்டரில் வசனமே கேட்பதில்லை. இசையமைப்பாளர்கள் காதைக் கிழிக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் தடுக்கக் கூடாதா? (சேலம்)

தடுக்கிறோம், சில நாள் தோற்கிறோம். பேச்சில் சொல்லைப் புரியவைப்பது மெய்யெழுத்துகள். அவற்றின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. நாதஸ்வரமும் வயலின் கூட்டமும் கத்துவது அதே தெருவில். கதாநாயகன் பேசும்போது அங்கே மேளக்கச்சேரி வைத்தால் எந்தக் கலவைக் கலைஞராலும் காப்பாற்ற முடியாது. செல்லோவை (கனத்த குரலுள்ள பெரிய வயலின் வகை) கீழே ஓடவிட்டு மெட்டை நிறுத்திவைத்தால் போதும்.

குறுக்கிடுகிறேன். நான் ஒரு இசையமைப்பாளரின் உதவியாளன். நாங்கள் அடக்கித்தான் கொடுக்கிறோம். கலவையின் கடைசி நாளில் தயாரிப்பாளர் வந்து அரங்கம் அதிர வேண்டும் என்கிறார். பழி எங்கள் மேலா?

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி நாளில் நானும் அந்த அறையில் இருந்திருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு.

மேடம், நான் திரையரங்கில் புரொஜக்டர் பார்க்கிறவன், முப்பது வருடமாக. நீங்கள் எல்லாரும் சத்தத்தை ஏற்றி அனுப்பினால் நாங்கள் குறைக்காமல் என்ன செய்வது? ஒலி டயலை 7இல் வைத்தால் குழந்தை அழுகிறது என்று கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் அரங்கில் எப்போதும் 4.5.

அண்ணா, இதற்காகத்தான் காத்திருந்தேன். மற்றவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். கலவைக் கூடத்தில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 85 டெசிபலுக்கு அளந்து வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவுக்குத் திரையரங்கு டயலில் பெயர் 7. அதை 4.5க்கு இறக்கினால் 8 டெசிபலுக்கு மேல் குறையும். வெடிச்சத்தம் குறைந்தாலும் வெடிச்சத்தம்தான். முணுமுணுப்பாகப் பேசிய வசனம் மின்விசிறிச் சத்தத்துக்குள் போய்விடும். அரங்கில் குறைப்பார்கள் என்று தெரிந்து நாங்கள் ஏற்றுகிறோம், நாங்கள் ஏற்றுவோம் என்று தெரிந்து நீங்கள் குறைக்கிறீர்கள். மாமியார் மருமகள் சண்டை மாதிரி இதற்குத் தொடக்கம் கண்டுபிடிக்க முடியாது.

ஆக, யார் மேல்தான் தப்பு? (மீண்டும் சேலம்)

நீங்கள் படம் பார்த்த அரங்கைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அண்ணா, உங்களிடம் ஒரு வேலை. வசனம் வருவது திரைக்கு நடுவில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து. படம் ஓடும்போது திரைக்குப் பின்னால் போய், அதன் மேல்பகுதியில் இருக்கும் ஹார்னுக்கு, அதாவது மெய்யெழுத்தின் கூர்மையை வெளியிடும் கூம்புக்கு, பக்கத்தில் காதை வையுங்கள். ஒரு நொடிதான், அதற்கு மேல் வேண்டாம். காது ஒன்றுதான் நமக்கு முதல்.

படம் இசையமைக்க மென்பொருள்... (ஓசூர்)

ஈரோடு. வேலூர். இப்போது ஓசூர். மூவரும் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். படத்தொகுப்பு முடிந்ததை எழுத்தில் வாங்குங்கள்.

மழைச் சத்தத்துக்கு அப்பளம் பொரிப்பீர்களாமே, உண்மையா? (காரைக்குடி)

உண்மை. தகரக் கூரை மழைக்கு அது ஆகாது. அதற்கு அரிசியைத் தகரத்தில் மெதுவாகத் தூவுங்கள்.

மேடம், மதியக் காட்சியில் போய்ப் பார்த்தேன். நடு ஒலிபெருக்கியின் கீழ்ப்பகுதி பாடுகிறது. மேலே ஹார்னில் மூச்சே இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று சத்தியமாகத் தெரியவில்லை.

அண்ணா, டயலைத் தொடாதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஹார்னுக்குப் போகும் வயரைப் பாருங்கள். எலி கடித்திருந்தால் ஒட்டிவிடலாம். வயர் சரியாக இருந்தால் ஹார்னுக்குள் அதிரும் சவ்வான டயாஃப்ரம் போயிருக்கும், முதலாளியிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அது வரைக்கும் எந்தப் படம் போட்டாலும் உங்கள் அரங்கில் வசனம் தலையணைக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் இருக்கும்.