பித்தப்பை என்று சொன்னேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கமுங்க. எனக்கு 34 வயது. நான்கு மாதம் முன்பு கோயமுத்தூரில் எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 104 கிலோ இருந்தேன், இப்போது 81. நீங்களும் இந்த மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவராக இருக்கலாம் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் ஒரு வரியைப் படித்தபோது தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன். புரோட்டீன் பவுடர் டப்பா விலை கட்டுபடியாகவில்லை, அதற்குப் பதிலாகக் கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்டால் போதுமா? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, என்ன செய்வது? அடுத்த மாதம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி, கிடா விருந்து, ஒரம்பரை எல்லாம் வருவார்கள். வீட்டுக்காரருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அத்தையிடமும் மாமாவிடமும் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தால் சந்தேகம் வரும். எப்படிச் சமாளிப்பது என்று சொல்லுங்கள். என் பெயர், ஊர் போட வேண்டாம்.

*

அன்புள்ள அம்மிணி,

பெயரும் ஊரும் போடவில்லை. பவுடர் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பேச வேண்டியது வேறு இருக்கிறது.

ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கொள்ளு நல்ல தானியம்தான், காய்ந்த கொள்ளு 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. ஆனால் அந்த 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு டம்ளர் அளவுக்கு வரும். ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், ஆபரேஷன் ஆன புதிதில் அதில் 100, 150 மில்லிதான் பிடிக்கும். இரண்டு டம்ளர் கொள்ளை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? கொள்ளு ரசத்தை நம்பவே வேண்டாம், புரதம் பருப்போடு நின்றுவிடும், தண்ணீரில் இறங்குவது சொற்பம். ஒரு ஸ்கூப் பவுடரில் 20 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. அதனால் இன்னும் சில மாதம் பவுடரை விடாதீர்கள். கூடவே முட்டை (ஒன்றுக்கு 6 கிராம்), பன்னீர், கெட்டித் தயிர், மசித்த பச்சைப்பயறு என்று ஏற்றிக்கொண்டே வாருங்கள், வயிறு கொஞ்சம் இடம் கொடுக்கக் கொடுக்க பவுடரைக் குறைத்துக்கொள்ளலாம். வட்டலில் முதல் வாய் புரதம், அப்புறம் காய், சோறு கடைசியில். அரிசியும்பருப்புச் சாதம் நம் உயிர், எனக்குத் தெரியும், ஆனாலும் அதில் அரிசிதான் அதிகம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து மெல்ல மெல்ல. நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும்.

முடி கொட்டும். மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்து ஆறு, ஏழு மாதம் வரைக்கும் நிறையப் பேருக்குக் கொட்டுகிறது, எடை சடசடவென்று இறங்கினால் உடம்பு அப்படித்தான் செய்யும். புரதமும் இரும்புச்சத்தும் துத்தநாகமும் சரியாக இருந்தால் திரும்ப வளர்ந்துவிடும். எண்ணெய் விளம்பரங்களுக்குக் காசைக் கரைக்காதீர்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பித்தப்பைக்கு வருகிறேன்.

அம்மிணி, நானும் பித்தப்பை என்றுதான் சொன்னேன். அதே பொய். 2018-ல் எனக்குப் பைபாஸ் செய்தார்கள், இருதய பைபாஸ் இல்லை, வயிற்றில் செய்வது. இரைப்பையின் மேல்பாகத்தில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். 118 கிலோ, சர்க்கரை வேறு கட்டுக்குள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பெற்ற அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுவார்கள், ஊருக்குத் தெரிந்தால் தின்று தின்று கொழுத்து வயிற்றை வெட்டிக்கொண்டான் என்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் காங்கயம் பக்கம் ஒரு மண்டபத்தில் சொந்தத்தில் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் பெரியம்மா. இலையில் ஒப்பிட்டு, அதாவது போளி, விழுந்தது, மேலே நெய். வேண்டாம் என்று கையை மறைத்தேன். "கல்லு எடுத்தவனுக்கு ஒப்பிட்டு என்ன பண்ணுது, உண்ணு சாமி" என்று கையை விலக்கி வைத்தார்கள். அன்பாகத்தான் வைத்தார்கள். நான் சொன்ன பொய்ப்படி பார்த்தால் அவர்கள் பேச்சு நியாயம்தானே? முழு ஒப்பிட்டையும் தின்று, பாயசத்தையும் குடித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வியர்வை, வயிற்றைப் பிசைகிறது, கண் இருட்டுகிறது. டம்பிங் என்பார்கள். இனிப்பு அப்படியே குடலில் போய்க் கொட்டினால் வருவது, பைபாஸ்காரர்களுக்கு அதிகம். கொஞ்ச நேரம் படுத்திருந்தால் தானாக அடங்கியிருக்கும். ஆனால் மண்டபத்தில் யாருக்கு அது தெரியும்? மாரடைப்பு என்று தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே டியூட்டி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்குங்களா?" என்று கேட்டார். பெரியம்மா என் தலைமாட்டில் நின்று கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன், டாக்டரைப் பார்த்தேன், "பித்தப்பை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையைக் கேளுங்கள். வயிற்று வலிக்கு ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வகை மாத்திரைகளைப் பைபாஸ் ஆனவர்கள் தொடக் கூடாது, இரைப்பையும் குடலும் சேருகிற தையலில் புண்ணாகிவிடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே எனக்கு அச்சடித்த தாளில் கொடுத்திருந்தார்கள், அந்தத் தாள் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. நானும் அந்த நேரத்துப் பதற்றத்தில் மாத்திரையின் பெயரைப் பார்க்காமல் விழுங்கினேன். இரண்டு வாரத்தில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போக ஆரம்பித்தது. எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்டார், நான்தான் சொல்லவில்லை.

உங்களுக்கு ஸ்லீவ்தானே, இந்த அளவுக்குப் பயமில்லை என்று நினைப்பீர்கள். சரி, இதைக் கேளுங்கள். நோம்பிக் கறியை அவசரமாக விழுங்கிச் சிக்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி என்று வையுங்கள். அத்தை பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவார்கள், அவர்கள் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாந்தி நீடித்தால் தயமின், அதாவது பி1, உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சம் இருப்பதும் காலியாகி, பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சில பேருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. பித்தப்பை என்று சொன்ன பெண்ணுக்குத் தயமின் போட எந்த டாக்டருக்குத் தோன்றும்? இதில் இன்னொன்று, எடை வேகமாக இறங்குகிறவர்களுக்கு நிஜமாகவே பித்தப்பையில் கல் வருவது சகஜம். அப்படி ஒரு நாள் வலி வந்தால், எடுத்துவிட்ட பித்தப்பையில் எப்படியம்மா வலி என்று அத்தை கேட்பார்களே, அன்றைக்கு என்ன பொய் சொல்வீர்கள்?

அடுத்த குழந்தை எப்போது என்று அத்தை கேட்கிறார்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில் கேட்காத வீடு இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பம் கூடாது, தாய்க்கும் சத்து இருக்காது, பிள்ளைக்கும் போகாது. பித்தப்பைக்கு எந்த ஊரில் ஒன்றரை வருடக் கெடு உண்டு? மாத்திரைகளும் அப்படித்தான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்க, இரும்பும் கால்சியமும் இரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளி. ஒளித்து ஒளித்து எத்தனை வருடம் விழுங்க முடியும்? ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரைதான் முதலில் நிற்கும், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தோன்றுகிற நாளில் நிற்கும். பி12 ஈரலில் சேமிப்பு இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. உங்கள் மேல் மட்டும் இல்லை.

நம் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள், எனக்கு மூணு ஸ்டென்ட் வச்சிருக்குது என்று சட்டையைத் தடவிக் காட்டுகிறார்கள். முட்டி மாற்றியவர் படி ஏறிக் காட்டுகிறார். வயிற்று ஆபரேஷனை மட்டும் ஏன் களவாணித்தனம் மாதிரி மறைக்கிறோம்? குண்டாக இருப்பது நாக்கை அடக்காதவன் செய்த தப்பு என்று ஊர் சொல்கிறது, நாமும் உள்ளுக்குள் அதை நம்புகிறோம். 1999-ல் ஜப்பானில் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுகிற சரக்கு அது, இரைப்பையின் மேல் பகுதியில்தான் பெரும்பாலும் ஊறுகிறது. உங்களுக்கு வெட்டி எடுத்தது அந்தப் பகுதியைத்தான். இந்த நாலு மாதமாக உங்களுக்குப் பழைய பசி இல்லை, இல்லையா? திடீரென்று மன உறுதி வந்துவிட்டதா என்ன? முன்பு அது ஊறிக்கொண்டிருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. முப்பது வருடம் உங்களைத் திட்டியவர்கள் உங்கள் உடம்பில் சுரந்த ஒன்றுக்காகத் திட்டினார்கள்.

போன மாதம் என் சித்தப்பா மகள் வீட்டில் ஒரு விசேஷம். அவளுக்கு எட்டாம் வகுப்பு படிக்கிற பெண் ஒருத்தி, கொஞ்சம் பூசின உடம்பு. பந்தியில் அந்தக் குழந்தை இரண்டாவது தடவை சந்தகைக்குக் கை நீட்டியது. தங்கச்சி எல்லார் முன்னாலும் அதன் கையைத் தட்டிவிட்டு, "மாமனைப் பாரு, வெறும் கொள்ளுத் தண்ணி குடிச்சு, நடந்தே முப்பத்தெட்டு கிலோ எறக்கிட்டாரு, உனக்கு வாயைக் கட்ட முடியலையா?" என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தேங்காய்ப்பால் விரலில் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பார்வை ஒரு மாதமாக என்னோடு இருக்கிறது. அவளுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொல்ல வரவில்லை, வளருகிற குழந்தை அவள். ஆனால் என்னுடைய பொய்யை முழக்கோலாக வைத்து அவளை அளந்தார்கள், அளக்க நான் விட்டேன். நீங்களும் நடைப்பயிற்சியில் குறைந்தேன் என்று சொல்ல ஆரம்பிப்பீர்கள் அம்மிணி, அந்தப் பித்தப்பைக்கு அடுத்த பொய் அதுதான், கிலோ இன்னும் இறங்கும்போது ஊர் கேட்கும். உங்கள் நோம்பி வீட்டிலும் ஒரு குண்டுப் பிள்ளை இருக்கும்.

அத்தை என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறீர்கள். என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். புண் என்று தெரிந்த பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். சத்தம் போடவில்லை. "வயித்தையே வெட்டியிருக்குதுன்னு தெரியாம நாம்பாட்டுக்குக் கரண்டி கரண்டியா போட்டுக்கிட்டு இருந்தனே சாமி" என்று தன் கையைத்தான் பார்த்துக்கொண்டார்கள். அறுபது வருடமாகத் தானியத்தை வள்ளத்திலும் படியிலும் அளந்த கை அது. மறுநாள் காலையில் மருந்து பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி ஒன்றை, உள்ளே கோடு போட்டு 5, 10, 15 என்று எழுதியிருக்குமே அதை, வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். பச்சைப்பயற்றை வேகவைத்து மசித்து, சீரகம் மட்டும் போட்டு, அந்த மூடியால் மொண்டு மொண்டு கிண்ணத்தில் வைத்தார்கள், எதிரில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நான் அவசரப்பட்டால், "மென்னு, இன்னும் மெல்லு" என்பார்கள். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் என் இலைக்குப் பக்கத்தில் யாரையும் கரண்டியோடு வர அவர்கள் விட்டதில்லை. ஒரம்பரைக்கெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாம், நான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தங்கச்சி வீட்டுப் பந்திக்கு அம்மா வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லா அத்தையும் என் அம்மா மாதிரி இருக்க மாட்டார்கள், உண்மைதான். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொள்ளலாம், மகனைத் திட்டலாம். திட்டட்டும். ஆனால் கரண்டி அவர்கள் கையில் இருக்கிற வீட்டில் அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள், அவருடைய அம்மாதானே. டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று உங்கள் கைப்பையில், ஒரு படம் போனில், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தங்கச்சிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அண்ணா, பாப்பாளை அத்தனை பேச்சுப் பேசிட்டேன்" என்றாள். அப்புறம் போனை மகளிடமே கொடுத்துவிட்டாள். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் அந்தக் குழந்தை கேட்டது, "வலிச்சுதுங்களா மாமா?" வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன், சந்தகை செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கிடாக்கறியைக் கேட்டிருந்தீர்கள். நாலாம் மாதத்தில் துண்டுக்கறி வேண்டாம், நார் சிக்கிக்கொள்ளும். எலும்பு ரசம் நாலு வாய், பஞ்சு மாதிரி வெந்த கொத்துக்கறி இரண்டு ஸ்பூன், நிறையத் தரம் மென்று. முதல் வாயிலேயே நெஞ்சை அடைத்தால் உடனே வைத்துவிடுங்கள். நோம்பிக்கு முன்னால் அத்தையிடம் பேசியாயிற்றா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், ரத்தத்தில் பி12 அளவு பார்த்தீர்களா என்றும்.

அன்புடன்,
அண்ணன்