முதலாவது எது? – வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மத்தேயு 6:33ஐச் சுற்றியே இருந்தன. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்ற வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அன்றாட வாழ்வில் அது எங்கே இடிக்கிறது என்று வாசகர்கள் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மதியம் 2 மணி முதல் இரவு 11 வரை ஷிப்ட். வீட்டுக்கு வந்து படுக்க 1 மணி ஆகிவிடும். "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்" என்ற சங்கீதத்தை நினைத்து 4 மணிக்கு எழுந்து பார்த்தேன், ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இப்போது குற்ற உணர்வுதான் மிச்சம். – வாசகர், பெருங்குடி, சென்னை

தம்பி, 1 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் தூக்கம் மூன்று மணி நேரம். எந்த உடம்பும் அதைத் தாங்காது. நீங்கள் விட்டுவிட்டதில் வியப்பில்லை. அதற்காகக் குற்ற உணர்வும் வேண்டாம். நீங்கள் சொல்லும் சங்கீதம் 63ஐ முழுவதும் வாசியுங்கள். முதல் வசனத்தில் அதிகாலையில் தேடும் தாவீது, ஆறாம் வசனத்தில் படுக்கையின்மேல் நினைக்கிறான், இராச்சாமங்களில் தியானிக்கிறான். தானியேல் நாளில் மூன்று வேளை ஜெபித்தான். நம் ஆண்டவர் ஒரு நாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார், வேறொரு நாள் இராமுழுவதும் மலையில் ஜெபித்தார். கடிகாரத்தில் எத்தனை மணி என்பது சட்டமல்ல. நாளின்மேல் மற்றவர்கள் கை வைக்கும் முன் அதைத் தேவனிடம் கொடுப்பதுதான் காரியம். உங்கள் அதிகாலை காலை எட்டரை மணி. அதை மனசாட்சி உறுத்தாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

25 நிமிடம் போதும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, எழுவதற்குத் தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். போனில் வேதாகமம் திறப்பவர்களில் பலர் மேலே வந்து நிற்கும் அலுவலகச் செய்தியைத் தொட்டுவிடுகிறார்கள். அதோடு அந்த நேரம் போயிற்று. அச்சுப் புத்தகத்தையே வையுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒரு சங்கீதத்தின் சில வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். தூக்கம் கலையவும் மனம் ஒருமுகப்படவும் சத்தமாக வாசிப்பது உதவும். அடுத்த 12 நிமிடம் ஓர் அதிகாரம். பிறகு ஐந்து நிமிடத்தில், அன்று கண்டதை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். மீதி ஐந்து நிமிடம் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்கும் ஜெபம். மனம் அலைந்தால், அது எங்கே போனதோ அதை நோட்டின் ஓரத்தில் குறித்து, அதற்காகவே ஜெபியுங்கள். அடுத்த வேலையின் கெடு, அம்மாவின் முழங்கால் வலி எதுவானாலும் சரி.

எதை வாசிப்பது என்பதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குகிறவர், யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் தளர்ந்து, லேவியராகமத்தில் நின்றுவிடுவார். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள்தான். வாரத்துக்கு ஐந்து என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மாற்கில் தொடங்குங்கள், 16 அதிகாரம், மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு அதிகாரம் வாசிக்கப் பார்க்காதீர்கள். பாக்கி சேரச் சேரத்தான் மனம் சோர்ந்து புத்தகத்தை மூடும். தவறியதை வார இறுதிக்குத் தள்ளிவிட்டு அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் தவறாமல் பார்த்துக்கொண்டால் பழக்கம் நிலைக்கும்.

கேள்வி: வீடு கட்டுகிறோம். இரண்டு வருடமாகக் குடும்ப ஜெபம் நின்றுவிட்டது, ஆலயத்துக்கும் எப்போதாவதுதான் போகிறோம். "பால் காய்ச்சிக் குடிபோன பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொடங்கலாம்" என்கிறார் என் கணவர். – வாசகி, மார்த்தாண்டம்

வீடு கட்டுவது தவறல்ல, சகோதரி. புது வீட்டைக் கட்டி இன்னும் பிரதிஷ்டை செய்யாதவன் யுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பலாம் என்று உபாகமம் 20:5 விடுமுறையே தருகிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கு மிக அருகில் நிற்கும் ஒரு வாக்கியம் ஆகாய் புத்தகத்தில் இருக்கிறது.

பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். எதிர்ப்பு வந்தது, வேலை ஏறக்குறைய 16 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. கி.மு. 520இல் ஆகாய் பேச வந்தபோது, ஆலயம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "காலம் இன்னும் வரவில்லை" என்றுதான் சொன்னார்கள். அதற்குள் அவர்களுடைய சொந்த வீடுகளுக்கு மச்சு ஏறியிருந்தது. தேவன் அவர்களைக் கேட்டது ஒரே கேள்வி: இந்த ஆலயம் பாழாய்க் கிடக்கும்போது உங்கள் வீடுகளுக்கு மட்டும் காலம் வந்ததோ? அவர்கள் சம்பாதித்தது பொத்தலான பையில் போட்டதுபோல ஆயிற்று என்பதையும் தீர்க்கதரிசி சுட்டிக்காட்டுகிறார். தேவனை மறுப்பவர்களைவிட அவரைத் தள்ளிப்போடுகிறவர்களே சபைக்குள் அதிகம் என்பதால், இந்த இரண்டே அதிகாரப் புத்தகத்தை ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் ஒருமுறை சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறாம் மாதம் முதல் தேதி செய்தி வந்தது. 24ஆம் தேதி வேலை தொடங்கியது. ஏழாம் மாதம் 21ஆம் தேதி, அதாவது தொடங்கி ஒரு மாதம் ஆகுமுன், மறுபடியும் திடப்படுத்தும் வார்த்தை தேவைப்பட்டது. பழைய ஆலயத்தின் மகிமையைக் கண்டவர்களுக்குப் புதியது ஒன்றுமில்லாததுபோல் தெரிந்தது. நீங்கள் குடும்ப ஜெபத்தை மீண்டும் தொடங்கினாலும் நாலாவது வாரத்தில் இந்தச் சோர்வு வரலாம். "முன்புபோல் இல்லையே" என்று தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

இன்று இரவே தொடங்குங்கள், 12 நிமிடம் போதும். சாப்பாடு முடிந்து டிவி போடுமுன் ஒரு பாட்டில் இரண்டு சரணம், பத்து வசனம் மாறி மாறி வாசிப்பு, ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம், கடைசியில் பரமண்டல ஜெபம். பிள்ளைகளைக் கண்டிக்க வேண்டியதை ஜெபத்துக்குள் நுழைக்காதீர்கள். "ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேன் என்கிறான்" என்று பெற்றோர் ஜெபிக்கிற வீட்டில் பிள்ளைகள் அந்த நேரத்தை வெறுக்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: சம்பளம் 28,000. நகைக் கடன், கைமாற்று, தவணைக் கடன் என்று மூன்று பாக்கி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம், கொடுத்தால் நூறு மடங்கு வரும் என்று கேட்டு, கடன் வாங்கியும் காணிக்கை போட்டிருக்கிறேன். கடன் கூடிக்கொண்டே போகிறது. – வாசகர், திண்டுக்கல்

ஐயா, முதலில் கடன் வாங்கிக் காணிக்கை போடுவதை நிறுத்துங்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதுவது தெளிவானது: மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே" அது அங்கிகரிக்கப்படும் (2 கொரிந்தியர் 8:12). கடன் வாங்கிய பணம் உங்களுக்கு உள்ளதல்ல, இன்னொருவருடையது. வாங்கிய கடனைச் செலுத்தாமல் போவதை சங்கீதம் 37:21 துன்மார்க்கனின் அடையாளமாகவே சொல்கிறது.

மல்கியா 3ஐ வைத்து உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்த வசனத்தின் பின்னணி நெகேமியா 13:10இல் இருக்கிறது. லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்பது உண்மையாகவே ஆகாரத்தைப் பற்றியது. தசமபாகத்திலும் மூன்றாம் வருடத்துப் பங்கு லேவியனோடு பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் சேர்ந்தது (உபாகமம் 14:28-29). நூறு மடங்கு என்று எடுத்துச் சொல்கிறவர்கள் மாற்கு 10:30இல் உள்ள "துன்பங்களோடேகூட" என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். லாபத்துக்காகத் தேவனிடம் முதலீடு செய்கிறவன் தேடுவது லாபத்தைத்தான். அப்படிக் கற்பிப்பது ஏழைகளின் வீட்டைப் பட்சிக்கிற காரியம் என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

அதற்காகக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். கடன் முடியட்டும் என்று காத்திருப்பதும் ஆகாய் காலத்து ஜனங்கள் சொன்ன பேச்சுதான். சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் மளிகைக்கும் முன்பாக, 3 சதவீதத்தைத் தனி உறையில் போடுங்கள். உங்கள் கணக்கில் அது 840 ரூபாய், வாரத்துக்கு 210. தொகை சிறியதுதான், ஆனால் மாதக் கடைசியில் மிஞ்சியதை எடுப்பதற்கும் முதலில் எடுத்து வைப்பதற்கும் மனதில் ஏற்படும் வேறுபாடு பெரியது. நம் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போட்டது இந்த முறையில்தான். சோறு மிஞ்சினால் பார்க்கலாம் என்று அவர்கள் இருக்கவில்லை.

பிறகு மூன்று கடன்களையும் வட்டி விகிதத்தோடு ஒரே தாளில் எழுதுங்கள். மூன்றுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத்தைக் கட்டிவிட்டு, கையில் கூடுதலாகக் கிடைப்பதை எல்லாம் வட்டி அதிகமானதில் போடுங்கள். ஒரு கடன் முடிந்ததும் அதன் தவணைப் பணத்தைப் பழைய செலவில் கரையவிடாதீர்கள். 2,400 ரூபாய் தவணை முடிந்தால் 1,200 அடுத்த கடனுக்கு, 600 கையிருப்புக்கு, 600 காணிக்கைக்கு. அப்போது உங்கள் காணிக்கை 1,440 ஆகி, 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். கையிருப்பு மிக முக்கியம். அது இல்லாத வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் மறுபடியும் கைமாற்றுதான்.

பிடித்தம் போகக் கைக்கு வருவதில் கணக்கிடுவதா, மொத்தச் சம்பளத்திலா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டில் எதையாவது தீர்மானித்து அதில் நில்லுங்கள். வேதம் இதில் கணக்குப் பாடம் நடத்தவில்லை. பெற்றோரின் மருந்துச் செலவை வெட்டிக் காணிக்கை போடக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அதை ஆண்டவரே மாற்கு 7இல் கண்டித்திருக்கிறார். நீங்கள் கொடுக்கிற இடத்தில் வரவு செலவு சபையாருக்குக் காட்டப்படுகிறதா என்றும் கேளுங்கள். பவுலே எருசலேமுக்கான பணத்தைத் தனியாகச் சுமக்காமல், ஒருவரும் குற்றம் சொல்ல இடமில்லாதபடி நம்பிக்கையான சகோதரரைக் கூட அனுப்பினார்.

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நீட் பயிற்சி ஞாயிறு காலை 8 முதல் 1 மணி வரை. ஒரு வருடம்தானே, ஆராதனையை விடலாமா? – வாசகி, நாகர்கோவில்

யாத்திராகமம் 34:21ஐப் பாருங்கள். "விதைப்புக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக" என்கிறது. வேலை குறைந்த நாட்களில் ஓய்வது எல்லோராலும் முடியும். கட்டளை நெருக்கடியான பருவத்தைக் குறித்தே சொல்கிறது.

வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பயிற்சி மையத்தில் சனிக்கிழமை வகுப்போ வாரநாள் மாலை வகுப்போ உண்டா என்று கட்டணம் கட்டுமுன் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பதில் வராது. பக்கத்துச் சபைகளில் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ நடக்கலாம். அவளோடு நீங்களும் அந்த நேரத்துக்கே போங்கள். அவளை மட்டும் அனுப்பினால் அது அவளுக்கு இன்னொரு வகுப்பாகிவிடும். இதெல்லாம் முடியாத வாரங்களில், மாலையில் முக்கால் மணி நேரம் வீட்டில் பாட்டும் வேத வாசிப்பும் வையுங்கள், அன்று இரவு புத்தகம் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆலயத்துக்குப் போனால் இடம் கிடைக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிடைக்காவிட்டால் அவள் தேவனையும் சேர்த்து இழப்பாள்.

கேள்வி: வேலையை ராஜினாமா செய்தால்தான் தேவனை முழுமையாகத் தேட முடியுமா? – வாசகர், கோவை

இல்லை. பவுல் கூடாரத் தொழில் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). தானியேல் பேரரசின் மூன்று பிரதானிகளில் ஒருவராயிருந்தபடியே ஜெபித்தார். முழுநேர ஊழிய அழைப்பு என்று எண்ணினால் இரண்டு வருடம் உங்கள் சபையில் சம்பளமில்லாமல் ஒரு பொறுப்பைச் சுமந்து பாருங்கள். மனைவியின் முழுச் சம்மதம், கடனில்லாத நிலை, உங்களை அறிந்த போதகரின் கருத்து மூன்றும் இல்லாமல் கடிதம் கொடுக்காதீர்கள். மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வருகிற எண்ணம் அழைப்பல்ல.

கேள்வி: வயது 58. சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். சபையில் 21 நாள் உபவாச ஜெபம். நான் சாப்பிட்டால் தேவனை இரண்டாவது இடத்தில் வைத்ததாகுமா? – வாசகி, நாசரேத்

ஆகாது, அம்மா. இன்சுலினும் சில மாத்திரைகளும் வயிறு வெறுமையாயிருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அளவு 70க்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். இன்னும் இறங்கினால் நினைவே தடுமாறும். ஜெபத்தில் முழங்காலில் இருக்கும்போது இதை "அபிஷேகம்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் எண்ணிவிட்டால் ஆபத்து. அந்த அறிகுறிகள் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். சாப்பிடாமல் இருப்பதற்காக மருந்தை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. அப்போது சர்க்கரை ஏறும்.

தானியேலின் உபவாசம் உங்களுக்குப் பொருந்தும். தானியேல் 10:3இல் மூன்று வாரம் அவர் ருசிகரமான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் இல்லாமல் இருந்தார். ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அங்கே எழுதப்படவில்லை. நீங்கள் வேளை தவறாமல் எளிய சாப்பாடு எடுத்துக்கொண்டு, கறி, மீன், பலகாரம் மட்டும் விடுங்கள். மிச்சமாகும் காசை ஏசாயா 58:7இன்படி பசித்திருக்கிற ஒருவருக்குச் சேருங்கள். இரவு 7 முதல் 9 வரை சீரியல் பார்ப்பவராயிருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தையும் விட்டுவிட்டு ஜெபத்துக்கு உட்காருங்கள். பலருக்கு ஒரு வேளைச் சோற்றை விடுவதைவிட அது கடினம்.

உபவாசத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று மத்தேயு 6 சொல்வது உண்மை. ஆனால் வீட்டில் ஒருவருக்கும், கூட்டத்தில் பக்கத்தில் அமரும் ஒரு சகோதரிக்கும் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லி வையுங்கள். தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்து, சாப்பாட்டை மாற்றப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். அந்த 21 நாளும் எந்தெந்த வேளையில் அளவு பார்க்க வேண்டும் என்றும் அவரிடமே கேட்டு, பார்த்ததைக் குறித்து வையுங்கள்.