ஐந்து ரூபாய்க் காசுக்கு இரண்டு லட்சம் தருகிறேன் என்கிறார், நம்பலாமா?

கேள்வி: சார், செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் பழைய தடிமனான 5 ரூபாய்க் காசு ஒன்று கிடைத்தது. சிங்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பின்பக்கத்து 5 நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. ஓரம் கடித்த மாதிரி ஒரு 1 ரூபாயும் இருக்கிறது. படம் போட்டேன், ஒருவர் போன் செய்து இரண்டுக்கும் சேர்த்து 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார். முதலில் ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணமாக 3,500 ரூபாய் போட்டுவிட வேண்டுமாம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பழைய காசு வாங்கி விற்பதில் ரிசர்வ் வங்கிக்கு எந்தப் பங்கும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ வாங்குவதும் இல்லை. தங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே அவர்களே எச்சரித்துவிட்டார்கள். வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும், விற்கிற உங்களிடம் எதற்குக் கேட்கிறான்? ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், தாமதித்தால் பணத்தை மடக்குவது கஷ்டம்.

சரி, காசுக்கு வருவோம். உங்கள் 5 ரூபாய் உண்மையான எரர் காயினாக, அதாவது நாணயச் சாலையில் செய்யும்போதே பிழையாகிப்போன காசாக, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவில் வட்டத் தகடு, ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதியும். ஒரு அச்சு தளர்ந்து கொஞ்சம் திரும்பிவிட்டால், யாராவது கவனித்து நிறுத்தும் வரை அடிக்கிற காசெல்லாம் சாய்வாகத்தான் வரும். இதை டை ரொட்டேஷன் என்பார்கள். நம் நாட்டுக் காசைப் புத்தகப் பக்கம் புரட்டுவது போல இடவலமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். அமெரிக்கக் காசை அப்படித் திருப்பினால் தலைகீழாகத்தான் தெரியும், அது அவர்கள் வழக்கம், பிழை இல்லை. இது தெரியாமல் பலர் வெளிநாட்டுக் காசை எரர் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். சாய்வு லேசாக இருந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், முழுக்கத் தலைகீழாக இருந்தால்தான் சேகரிப்பவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள். அப்போதும் பேச்சு நூறுகளில்தான் நடக்கும், லட்சத்தில் இல்லை.

கடித்த 1 ரூபாயை இன்னும் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் அரத்தால் ராவி இப்படிச் செய்வது சுலபம். நீளமான தகட்டுச் சுருளிலிருந்து வட்டங்களை வெட்டி எடுக்கும்போது (நம் சேலம் உருக்காலையிலேயே நாணய வட்டம் வெட்டும் பிரிவு இருக்கிறது) தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் அந்த வட்டம் பிறை போலக் குறைந்து வரும். அச்சு அடிப்பது அதற்கு அப்புறம்தான். அதனால் கடித்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும், கடிக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து அந்தப் பக்கமாக லேசாக இழுபட்டுத் தெரியும். ராவின காசில் எதிர்விளிம்பு முழுசாக நிற்கும், எழுத்து கத்தியால் நறுக்கியது போல் நிற்கும், வெட்டின இடம் மட்டும் புதுசாகப் பளபளக்கும். எந்த எரர் காயினையும் நான் இப்படித்தான் பார்ப்பேன்: நாணயச் சாலை இயந்திரத்தில் இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்க முடியும்? அதற்குப் பதில் இல்லையென்றால் அது வெளியே வந்த பிறகு பட்ட அடி.

அடுத்து எடை. உங்கள் தெருவிலேயே வெள்ளிக் கடைத் தராசு இருக்கும், கேட்டு வையுங்கள். அந்தத் தடித்த 5 ரூபாய் செப்பு-நிக்கல் கலவை, 9 கிராம் வர வேண்டும், காந்தத்தில் ஒட்டக் கூடாது. இரண்டு பக்கமும் சிங்கம் இருக்கிறது என்று யாராவது காட்டினால் லென்ஸ் வைத்து விளிம்பின் உள்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு காசைக் கடைந்து ஒட்டிய கோடு தெரியும்.

இன்னொன்று, தயவுசெய்து விபூதியோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்கு விலையும் போகும், ஆதாரமும் போகும். நாணயக் கண்காட்சி நடக்கும்போது நேரில் கொண்டுபோய் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குப் பக்கத்தில் எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. தவறி விழுந்த எழுத்தா?

பதில்: இல்லைங்க, அது நாணயச் சாலைக் குறி. அந்தச் சமயத்தில் நம் காசுகளில் ஒரு பகுதியை வெளிநாட்டிலும் அடித்து வாங்கினார்கள், இது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது. இப்போதைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், சாய்சதுரம் என்றால் மும்பை, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இதையெல்லாம் பிழை என்று சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள்.